நாட்டுக் கத்தரி விதைகளும் அவற்றின் பாரம்பரிய வேற்றுமையும்

கத்தரி பயிராகாத கிராமம் தமிழ்நாட்டில் இல்லையென்றே கூறலாம். ஏக்கர்க் கணக்கில் பயிரிட்டுச் சந்தைக்கு அனுப்புவோரும், கொல்லையில் நாலு செடி வைத்து வீட்டுச் செலவுக்குப் பறித்துக்கொள்வோரும் எங்கும் உண்டு. காயின் நிறத்தில் ஊதா, வெண்மை, பச்சை, பச்சையின்மேல் ஊதாக் கோடு. உருவத்தில் உருண்டை, முட்டை வடிவம், விரற்கடை நீளம் முதல் முழ நீளம் வரை. செடியில் முள் உள்ளது, முள் இல்லாதது. கொத்தாகக் காய்ப்பது, ஒற்றையாகக் காய்ப்பது என இத்தனை வேற்றுமைகளை ஒரே இனத்திற்குள் காட்டும் காய்கறி வேறொன்று இருப்பது அரிது. பழைய தமிழ் நூல்களில் இதற்கு வழுதுணை என்று பெயர். வடமொழியில் இதனைக் குறிக்கும் வாதிங்கணம் என்ற சொல் பாரசீகம், அரபு, போர்த்துகீசியம் ஆகிய பாஷைகளின் வழியே சுற்றிவந்து ‘பிரிஞ்சால்’ ஆயிற்று. அந்த வடசொல்லுக்கே மூலம் வழுதுணைதான் என்று கருதும் சொல்லாராய்ச்சியாளரும் உளர். பயிர்களின் பிறப்பிடங்களை ஆராய்ந்த ருஷ்யத் தாவர சாஸ்திரி வவிலாவ், கத்தரியை இந்தியப் பகுதியிற் சேர்த்தார். கிழக்கே சீனத்திலும் தென்கிழக்காசியாவிலும் இது தனியே பயிராக்கப்பட்டிருக்கலாம் என்ற விவாதம் இருப்பினும், இந்தியா இதன் தாயகங்களுள் முக்கியமானது என்பதில் ஐயமில்லை.

இவ்வேற்றுமைகள் சமையலுக்கும் சந்தைக்கும் மாத்திரம் உரியவை என்று எண்ணலாகாது. வாடல் நோயைத் தாங்குவது எது, வறட்சியில் காய்ப்பது எது, உவர் நிலத்தில் பிழைப்பது எது என்பவையெல்லாம் இவற்றினுள்ளே மறைந்து கிடக்கின்றன. அவற்றைக் கண்டறிவதற்குச் செய்யப்படும் ஆராய்ச்சி எத்தகையது, அதில் குடியானவர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் உள்ள பங்கு யாது என்பன ஈண்டு விளக்கப்படுகின்றன.

உயர்ரகங்கள் வந்த வழி

ஆராய்ச்சிப் பண்ணைகளிலிருந்து வெளியிடப்பட்ட கத்தரி ரகங்கள் விஞ்ஞானிகளால் புதிதாகச் சிருஷ்டிக்கப்பட்டவை என்ற எண்ணம் பலரிடம் உண்டு. உண்மை வேறு. கோயமுத்தூரில் வெளியான கோ 2 என்பது புதுக்கோட்டைப் பகுதியில் வழங்கிய வரப்பூர்க் கத்தரியிலிருந்து பொறுக்கி எடுக்கப்பட்டது. மதுரையில் வெளியான எம்.டி.யு. 1 என்பதற்கு மூலம் கள்ளம்பட்டிக் கத்தரி. கிள்ளிகுளத்தின் கே.கே.எம். 1 என்னும் வெள்ளை முட்டைக் கத்தரி, குளத்தூர் நாட்டு விதையின் வழி வந்தது. பேச்சிப்பாறையின் பி.பி.ஐ. 1, கருங்கல் பகுதி விதையிலிருந்து தெரிந்தெடுத்தது. பெரியகுளத்தில் வெளியிட்ட பி.கே.எம். 1 ரகமோ, மானாவாரியில் விளையும் புழுதிக் கத்தரியில் செயற்கையாக மாறுதலை உண்டாக்கிப் பெற்றது. வறட்சி தாங்கும் குணத்தை அது புழுதிக் கத்தரியிடமிருந்தே பெற்றிருக்கிறது.

மேற்சொன்ன ஒவ்வொன்றிலும், ஏதோ ஒரு கிராமத்தில் பெயர் தெரியாத குடியானவர்கள் பல தலைமுறைகளாகக் காத்துவந்த விதையே முதலாக அமைந்தது. பண்ணை செய்த வேலை, அக்கலப்பு விதையினின்றும் சிறந்த செடிகளைப் பிரித்து, அவற்றின் சந்ததியைத் தனித்தனியே வளர்த்துப் பரீக்ஷித்து, நிலைத்த குணமுடையதை வெளியிட்டதேயாகும். முதல் இல்லாவிடில் இவ்வியாபாரம் நடைபெறாது. குளத்தூர் விதை பண்ணைக்கு வருமுன் அழிந்திருந்தால் கே.கே.எம். 1 என்றொரு ரகம் உண்டாயிருக்க வழியில்லை.

வெண்டையிற் கண்ட பாடம்

ஒரு ரகத்தின் நோய் தாங்கும் சக்தி என்றும் நிலைப்பதன்று. இதற்கு வெண்டைப் பயிரின் சரித்திரமே தக்க சான்று. இலை நரம்பு மஞ்சளிக்கும் தேமல் நோயினால் வெண்டை சாகுபடி நலிந்தபோது, டில்லியிலுள்ள இந்திய விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஹர்பஜன் சிங் என்ற தாவர ஆராய்ச்சியாளர், வங்காளத்திலிருந்து சேகரித்த நாட்டு விதை ஒன்றைப் பயன்படுத்திப் ‘பூசா சவானி’ என்ற ரகத்தை உண்டாக்கினார். 1960-ஐ ஒட்டி வெளியான இந்த ரகம் நாடெங்கும் பரவியது. ஆனால் நாளடைவில் அதுவும் நோய்க்கு இடங்கொடுத்தது. பயிர் வெண்டைகளுக்குள் தேடியும் தக்க எதிர்ப்புச் சக்தி அகப்படாமையால், ஆராய்ச்சியாளர் வெண்டையின் காட்டு இனங்களை நாடினர். அவற்றோடு ஒட்டுச் சேர்த்துப் பெற்றவையே மராட்டியத்தின் ‘பர்பானி கிராந்தி’யும், பெங்களூரின் ‘அர்க்கா அனாமிகா’வும். காட்டு வெண்டை களையென்று முன்னமே ஒழிக்கப்பட்டிருந்தால் இவ்விரண்டும் கிடைத்திரா.

கத்தரிக்கும் இவ்வாறான இடர்கள் பல. பாக்டீரியா என்னும் நுண்ணுயிரால் உண்டாகும் வாடல் நோயில், பச்சையாக நின்ற செடி சில நாட்களில் துவண்டு சாய்கிறது. தண்டை அறுத்துத் தெளிந்த நீரில் நிறுத்தினால் அறுவாயிலிருந்து பால் போன்ற இழை இறங்குவதைக் கண்டு இந்நோயை அறியலாம். வேரில் முடிச்சிடும் நூற்புழு, இலைகளைச் சிறுக்கச் செய்து காய்ப்பை நிறுத்தும் சிற்றிலை நோய், தண்டையும் காயையும் துளைக்கும் புழு ஆகியவை வேறு. இவற்றுள் காய்ப்புழுவே பெரும் பகை. அதற்கு முற்றிலும் ஈடுகொடுக்கும் குணம் பயிர்க் கத்தரியில் தேடப்பட்டும், முழுத் திருப்தி தரும் ரகம் கிட்டவில்லை. பூச்சி மருந்துச் செலவு ஏறுவதற்கும், காயில் மருந்து தங்குவதற்கும் இதுவே காரணம்.

வேற்றுமை எவ்வாறு உண்டாகிறது

உயிரினங்களின் குணங்கள் தலைமுறை தோறும் மரபணுக்கள் என்னும் நுண்ணிய கூறுகளின் மூலம் இறங்குகின்றன. கத்தரியின் ஒவ்வோர் உயிரணுவிலும் 12 ஜோடியாக அமைந்த 24 நிறமூர்த்தங்களில் இவை தாங்கப்பட்டுள்ளன. ஒரே மரபணு சிறு சிறு மாறுபாடுகளோடு பல உருவங்களில் இருக்கக்கூடும். ஒன்று காயை ஊதாவாக்கும். அதன் மாற்றுருவம் நிறமின்றி விடும். ஓர் இனத்தின் எல்லாச் செடிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது இம்மாற்றுருவங்கள் எத்தனை, எவ்வளவு பரவி இருக்கின்றன என்பதே பாரம்பரிய வேற்றுமையாம்.

கத்தரிப் பூவில் ஆண் பெண் உறுப்புகள் இரண்டும் ஒருங்கே உள. தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும். எனினும் எல்லாப் பூவும் ஒரேவிதமல்ல. சூல்தண்டு நீண்டு மகரந்தப் பைகளுக்கு மேலே நிற்கும் பூக்களும், இடைத்தரமானவையும் நன்கு காய்க்கும். சூல்தண்டு குறுகிய பூக்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மகரந்தப் பைகளின் நுனியிலுள்ள துளை வழியேதான் தூள் வெளிப்பட வேண்டும். கருவண்டு போன்ற பெரிய வண்டுகள் பூவைப் பற்றிக்கொண்டு ரீங்காரமிடும் அதிர்ச்சியில் அது உதிர்கிறது. அவ்வண்டுகளே அடுத்த வயலின் தூளையும் சுமந்து வருகின்றன. அதனால் ஒரு பங்கு அயல்மகரந்தச் சேர்க்கை எப்போதும் நிகழ்கிறது. அதன் அளவு இடத்துக்கும் ரகத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப மிகவும் வேறுபடும். அண்டை வயல்களில் இரண்டு ரகம் இருந்தால், சில வருஷங்களில் ‘விதை கெட்டுப்போயிற்று’ என்று குடியானவர் சொல்வதன் காரணம் இதுவே. அவ்வாறு கலந்ததிலிருந்து புதிய உருவங்கள் பிறந்து, நல்லதெனக் கண்டவை தனி விதையாக எடுக்கப்பட்டதும் இதே வழியில்தான்.

சேகரிப்பதில் கவனிக்க வேண்டியவை

ஆராய்ச்சியின் முதற்படி விதை சேகரிப்பு. இதில் நேரும் பிழையைப் பின்னர் எந்தக் கருவியாலும் திருத்த இயலாது. ஆகவே இதனைச் சற்று விரிவாகக் கூறுவது அவசியம்.

கத்தரியில் பெயர் நம்பத்தக்கதன்று. முள்ளுக் கத்தரி என்ற ஒரே பெயரால் ஜில்லாவுக்கு ஜில்லா வெவ்வேறு விதைகள் வழங்குகின்றன. மறுபுறம், ஒரே விதை ஓர் ஊரிலிருந்து பெண் கொடுத்த ஊருக்கும், அங்கிருந்து சந்தை வழியே மூன்றாம் ஊருக்கும் போய், மூன்று பெயர் பெற்றிருப்பதும் உண்டு. ஆதலின் சேகரிப்போர் பெயரோடு நில்லாமல், கிராமம், தாலூகா, நிலத்தின் தன்மை, இறவையா மானாவாரியா, நாற்று விடும் மாதம், எத்தனை வருஷமாக அக்குடும்பத்தில் இருக்கிறது, முதலில் எங்கிருந்து வந்தது, எதன்பொருட்டு விரும்பப்படுகிறது என்பவற்றையெல்லாம் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். இவ்விவரமில்லாத விதைப் பொட்டலம், சாட்சி கையெழுத்தில்லாத பத்திரம் போன்றது. கிராம அதிகாரிகளின் உதவி இங்கே மிகவும் பயன்படும். எந்த வீட்டில் பழைய விதை இருக்கிறது என்பது பெரும்பாலும் அவர்களுக்கும் ஊர் மூதாட்டிகளுக்குமே தெரியும்; பட்டாதாரரைக் கேட்டால் தெரியாதென்பார், அவர் தாயாரிடம் உறியில் விதை இருக்கும்.

எத்தனை செடியிலிருந்து விதை எடுப்பது என்பதும் முக்கியம். பார்வைக்கு மிக அழகான ஒரே காயை விதைக்கு விடுவதே எங்கும் வழக்கம். நல்ல காயை நாடுவதில் குறையில்லை. ஆயினும் ஒரே காயோடு நிற்பதால் நஷ்டம் உண்டு. ஒரு வயலில் பத்துச் செடிக்கு ஒன்று வீதம் வாடல் தாங்கும் குணம் இருப்பதாகக் கொள்க. அக்குணம் கண்ணுக்குத் தெரியாது. ஒரே செடியில் விதை எடுத்தால், அக்குணம் தவறிப்போவதற்கு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இடமுண்டு. பத்துச் செடிகளில் எடுத்தால் அது நூற்றுக்கு 35 ஆகக் குறையும். முப்பது செடிகளில் எடுத்தாலோ நூற்றுக்கு 4 அளவே எஞ்சும். ஆகையால் வயலின் பல பாகங்களிலுமிருந்து முப்பது செடிகளுக்குக் குறையாமல் செடிக்கொரு காய் வீதம் எடுப்பது உத்தமம்.

வயலிலும் ஆராய்ச்சிச் சாலையிலும்

சேகரித்த விதைகளை அவ்வவ்வூரிலேயே பார்த்து ஒப்பிடுவது பயனற்றது. ஓரூரின் எரு மிகுதியால் பெருத்த காயும், மற்றோர் ஊரின் வறட்சியால் சிறுத்த காயும் ஒரே விதையினவாக இருக்கக்கூடும். ஆகவே எல்லாவற்றையும் ஒரே பண்ணையில், ஒரே பருவத்தில், ஒரே எருவிட்டு, பாத்திகளை இடம் மாற்றிப் பலமுறை அமைத்து வளர்க்கின்றனர். பின் ஒவ்வொன்றிலும் பூக்கும் நாள், செடியின் உயரம், கிளைகள், இலையிலும் தொப்பியிலும் உள்ள முள், காயின் நீளம், சுற்றளவு, எடை, நிறம், செடிக்கு எத்தனை காய், புழு விழுந்த காய் எத்தனை என்று குறித்துக்கொள்கின்றனர். எல்லாத் தேசத்தாரும் ஒரே முறையில் குறிப்பதற்காகக் கத்தரிக்கென்று சர்வதேச லக்ஷணப் பட்டியல் 1990-ல் வெளியிடப்பட்டது.

இக்குறிப்புகளைக் கொண்டு எந்த ரகம் எதற்கு நெருங்கியது, எதற்குத் தூரமானது என்று கணக்கிட வேண்டும். நம் நாட்டில் பயிர் ஆராய்ச்சியாளர் இதற்குப் பெரிதும் கையாளும் முறை, கல்கத்தாவின் கணித நிபுணர் மஹலனோபிஸ் 1936-ல் வெளியிட்ட ‘டி-வர்க்கம்’ என்னும் முறையாம். நிறம் ஒன்றையோ எடை ஒன்றையோ பாராமல், எல்லா லக்ஷணங்களையும் சேர்த்து இரு ரகங்களுக்கிடையேயுள்ள தூரத்தை இது அளக்கும். காய் நீண்டால் எடையும் கூடுவது போன்று, இணைந்தே மாறும் லக்ஷணங்களை இருமுறை எண்ணிவிடாதபடி கழிக்கவும் செய்யும். இம்முறையால் ஆராய்ந்தபோது பலமுறை வெளிப்பட்ட ஓர் உண்மை, ஊரின் தூரமும் விதையின் தூரமும் ஒன்றல்ல என்பது. நூறு மைலுக்கப்பால் உள்ள இரண்டு விதைகள் ஒரே கூட்டத்திற் சேர்வதும், அடுத்தடுத்த கிராமத்து விதைகள் வெவ்வேறு கூட்டங்களில் விழுவதும் சாதாரணம். சந்தையும் உறவும் விதையைக் கொண்டு சென்ற பாதைகளே இதற்குக் காரணமாகலாம். தூரமான கூட்டத்தைச் சேர்ந்த தாய் தந்தையரை ஒட்டுச் சேர்த்தால் முதல் தலைமுறையில் வீரியம் மிகும் வாய்ப்பு அதிகம் என்பதால், ஒட்டு ரகம் உண்டாக்குவோர்க்கு இக்கணக்கு பயனுள்ளது. அவ்வீரிய ஒட்டு விதையின் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் விளையாதென்பதையும் விவசாயிகள் நினைவில் வைக்க வேண்டும்.

லக்ஷணங்கள் எருவாலும் பருவத்தாலும் மாறுவன. டி.என்.ஏ. எனப்படும் மரபுப் பொருளோ அவற்றால் மாறுவதில்லை. நாற்றின் இளம் இலையொன்றைக் கிள்ளி அதிலிருந்து இப்பொருளைப் பிரித்து, குறிப்பிட்ட சில இடங்களில் ரகத்துக்கு ரகம் உள்ள மாறுபாடுகளைப் பார்த்தால் அவற்றின் உறவு விளங்கும். செடி காய்க்கும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. பெயர் வேறாய் விதை ஒன்றாய் இருப்பவற்றையும் கண்டுபிடிக்கலாம். ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2014-ல் கத்தரியின் மரபுப் பொருள் முழுவதற்குமான முதல் வரைவை வெளியிட்டபின் இவ்வேலை மிகவும் எளிதாயிற்று. ஆயினும் இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். இரு விதைகள் வேறானவை என்று இது சொல்லும். எது வாடலைத் தாங்கும் என்பதைப் பெரும்பாலும் வாடல் நோயுள்ள நிலத்தில் நட்டுப் பார்த்தே அறிய வேண்டியிருக்கிறது.

வேலியோரத்து உறவினர்

தக்காளியும் மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்தவை. தக்காளியின் நூற்புழு எதிர்ப்புக்கு 1940-களில் ஆராய்ச்சியாளர் தென்னமெரிக்காவின் காட்டுத் தக்காளியைத் தேடவேண்டியிருந்தது. கத்தரிக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. பயிர்க் கத்தரிக்கு மூதாதையெனக் கருதப்படும் முட்கள் நிறைந்த காட்டுக் கத்தரி தென்னாசியாவின் தரிசுகளிலும் பாதையோரங்களிலும் தானே முளைக்கிறது. அது பயிர்க் கத்தரியோடு எளிதில் கூடும். கண்டங்கத்தரி, தூதுவளை, சுண்டை ஆகியவை சற்று விலகிய பங்காளிகள். இவற்றுள் சுண்டை வாடல் நோயையும் நூற்புழுவையும் பெரிதும் தாங்குவது. கத்தரியோடு ஒட்டுச் சேர்த்து விதை பெறுவது கடினமாயினும், சுண்டை நாற்றின் தண்டில் கத்தரி நாற்றை ஒட்டுக் கட்டி நடுவது பல நாடுகளில் கைக்கொள்ளப்படுகிறது. தமிழ்நாட்டிலும் இவ்வொட்டு நாற்றுகள் விற்பனைக்கு வந்துள்ளன. வாடலால் கத்தரியைக் கைவிட்ட நிலங்களில் இது சோதித்துப் பார்க்கத்தக்கது.

விதை அழிவதும் காப்பதும்

நாட்டு விதைகள் அருகுவதற்குக் காரணம் தெளிவானது. தொலைதூரச் சந்தை ஒரே நிறமும் ஒரே அளவுமுள்ள காயைக் கேட்கிறது. விதைக் கடைகளில் ஒட்டு விதை கிடைக்கிறது. அரசாங்க இலாகாக்கள் சிபாரிசு செய்த ரகங்களே பழைய விதைகளை வயலினின்றும் அகற்றின என்பதையும் மறைப்பதற்கில்லை. மகசூல் மிகுதியாகத் தரும் ரகத்தைப் பயிரிட வேண்டாமென்று குடியானவரிடம் கூறுவது நியாயமுமாகாது. ஒரு மூலையில் ஐந்து சென்ட் நிலத்தில் பழைய விதையையும் வைத்திருப்பது மாத்திரம் நிலமுடையோர்க்குப் பெரும் பாரமன்று. வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி 2023-ல் புவிசார் குறியீடு பெற்றதும், உடுப்பிக்கருகில் மட்டு கிராமத்தின் குள்ளக் கத்தரி 2011-ல் அதையே பெற்றதும், சுவைக்காகப் பழைய விதையை விடாமல் வைத்திருந்தோர் இருந்தமையாலேயே.

2010 பிப்ரவரியில் மத்திய சர்க்கார், காய்ப்புழுவுக்கு நஞ்சாகும் பாக்டீரிய மரபணுவைச் சேர்த்த பி.டி. கத்தரியை வெளியிடுவதை நிறுத்திவைத்தபோது எழுந்த விவாதங்களில், தாயகத்து நாட்டு ரகங்களோடு அது கலந்துவிடும் என்ற கவலையும் ஒன்று. வங்காள தேசமோ 2013-ல் அதற்கு அனுமதியளித்தது. இவற்றுள் எவ்வழி தக்கதென்று கொள்வோரும், நாட்டு விதைகளின் தொகுப்பு சரியாக எடுக்கப்பட வேண்டும் என்பதில் மாறுபட இடமில்லை. எது கலந்தது என்று அறிய முதலில் எது இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

டில்லியில் 1976-ல் அமைக்கப்பட்ட தேசியத் தாவர மரபு வள நிலையத்தின் விதைக் களஞ்சியத்தில், நன்கு உலர்த்திய விதைகள் உறைநிலைக்குக் கீழே சுமார் 18 டிகிரிக் குளிர்ச்சியில் நெடுங்காலம் காக்கப்படுகின்றன. அதன் தென்னாட்டுக் கிளை கேரளத்தில் திருச்சூரில் உள்ளது. களஞ்சியத்து விதை தூங்கும் விதை. புதிய நோய்க்கும் மாறும் மழைக்கும் பழகுவது வயலில் வளரும் விதையே. ஆகவே இரண்டும் வேண்டும்.

குடும்பத்தில் பரம்பரையாக இருந்துவரும் விதையை, 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் விவசாயி ரகமாகப் பதிவு செய்யலாம். விவசாயிகளுக்கு இதற்குக் கட்டணம் இல்லை. விண்ணப்பத்தில் உள்ளூர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவோ, ஜில்லா விவசாய அதிகாரியோ, விவசாயச் சர்வகலாசாலையின் ஆராய்ச்சி இயக்குநரோ அத்தாட்சி செய்ய வேண்டும். தம் விளைபொருளை, விதை உட்பட, சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் விவசாயிக்குள்ள உரிமையை இச்சட்டமே உறுதி செய்கிறது. பதிவு பெற்ற ரகத்தின் விதையை வணிக முத்திரையிட்டு விற்பது மாத்திரம் கூடாது. கிராம அதிகாரிகள் பஞ்சாயத்தில் வைக்க வேண்டிய பல்லுயிர்ப் பதிவேட்டில், ஊரில் வழங்கும் கத்தரி விதைகளின் பெயரையும் வைத்திருப்போர் விவரத்தையும் சேர்ப்பது நன்று.

வீட்டில் விதை எடுப்போர் கவனிக்க: அத்தாட்சி பெறும் விதைக்கு அடுத்த கத்தரி வயலிலிருந்து 100 மீட்டரும், ஆதார விதைக்கு 200 மீட்டரும் விலகியிருக்க வேண்டுமென்பது விதி. அவ்வளவு இடமில்லாதவர்கள், பூ மலருமுன் மொக்கை மெல்லிய துணிப் பையால் மூடி, மலர்ந்த நாட்களில் காலையில் கிளையை லேசாகத் தட்டி, காய் பிடித்தபின் பையை எடுத்து நூலால் அடையாளம் கட்டலாம். காய் மஞ்சளாகப் பழுக்கும் வரை செடியிலேயே விட்டு, பின் பிசைந்து நீரில் அலசினால் நல்ல விதை அடியில் தங்கும். மிதப்பதை நீக்கிவிட வேண்டும். நிழலில் நன்றாக உலர்த்திய விதையை ஈரம் புகாத கண்ணாடிப் புட்டியில் அடைத்து, ஊர், ரகம், எத்தனை செடியிலிருந்து எடுத்தது, தேதி ஆகியவற்றை எழுதிய சீட்டை உள்ளேயே போட்டு வைக்கவும். வெளியே ஒட்டிய சீட்டு உதிர்ந்துவிடும்.